பூபாலசிங்கம் சேருக்காக

கல்முனைக் கடைத்தெருவில் நஜீமுடைய மருந்துக்கடையில் மெற்றில்டா வேலை செய்கிறாள். புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் நேரே ஜெபக்கூட்டத்துக்குப் போவாள். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வருவார்கள். எந்தக் கடவுளையும் நம்பாமல் இந்த ஊரில் இருப்பவர்களுக்காக அங்கே பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். மெற்றில்டா இரண்டு வருடமாகச் சொல்லிவந்த பெயர் பூபாலசிங்கம். பாண்டிருப்பில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மாதம் ஒருமுறை பிறஷர் குளிசை வாங்க வருவார். "கடவுள் கதையெல்லாம் என்னட்ட வேணாம்" என்று அவர் யாரிடமோ சொன்னதைக் கேட்ட நாளிலிருந்துதான் அவள் தொடங்கினாள்.

அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"என்ட பேரச் சொல்லிக் கும்பிடுறீங்களாமே, பிள்ள?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். அவளுக்கு முகம் சுட்டது.

"ஓம் சேர்."

"என்ன கேக்கிறீங்க?"

"உங்களுக்கு விசுவாசம் வரணும் எண்டு."

"எனக்கு என்ன தேவையெண்டு ஒருநாளாவது என்னட்டக் கேட்டீங்களா?"

அவர் விசுக்கென்று திரும்பி, படியைத் தவறவிட்டுத் தடுமாறினார். மெற்றில்டா ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோதுதான் அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதைக் கண்டாள்.

"ஒப்பரேசனுக்கு ரெண்டு தரம் நாள் தந்தாங்க, போகல்ல," என்றார், குரல் இறங்கி. "கூட ஒராள் வரணுமாம்."

"நான் வாறன் சேர்."

நஜீம் லீவு கொடுக்கத் தயங்கவில்லை. "போய்ட்டு வாங்க தங்கச்சி. மனிசன தனிய விடப்படா."

ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தபோது அவர் கேட்டார்:

"இப்பவும் எனக்காகக் கும்பிடுறீங்களா?"

"ஓம் சேர். மனசுக்குள்ள."

அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"என்ட மகள் சுஜித்தா டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரி வாட்டில கிடந்தவ. இருவது வயசு. நான் திருக்கோவிலுக்கு நடந்து போனன். பள்ளிவாசலுக்கு நேர்ச்சை வெச்சன். உங்கட சேர்ச்சிலயும் முழங்கால்ல நிண்டன், பிள்ள. ஒருத்தரையும் விடல்ல. ஏழாம் நாள் போயிட்டா."

அவரை ஜெபமே அறியாத மனிதர் என்று மெற்றில்டா நினைத்திருந்தாள். தன் வாழ்நாளில் அப்படி மன்றாடியதாக அவளுக்கு ஒரு நாள்கூட நினைவில்லை. ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்ற வழக்கமான ஆறுதல் வாய்வரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சுஜித்தா என்ன படிச்சவ, சேர்?"

"கணக்குத்தான். என்னை விடக் கெட்டிக்காரி."

தாதி வந்து கூப்பிடும்வரை அவர் மகளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை அவளுடைய முறை வந்தது. "கர்த்தாவே, சுஜித்தாட அப்பாவுக்கு..." என்று தொடங்கியவளால் மேலே போக முடியவில்லை. அழுகை அடங்கியதும் கண்ணைத் திறந்தாள்.

"அவருக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் கண்ணுக்கு மருந்து விடணும். காலையும் பின்னேரமும் நான் போறன். பகலுக்கும் ராவைக்கும் ஆள் தேவை."

"இது ஜெபக்கூட்டம்," என்று ஒருவர் முணுமுணுத்தார். பாண்டிருப்பிலேயே குடியிருக்கும் றோசலின் அக்கா மட்டும் வீடு எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் என்று விசாரித்தார்.

இப்போது பூபாலசிங்கம் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுத் தானே வாசிக்கிறார். கடவுளை இன்னும் நம்பவில்லை. மருந்து முடிந்து மாதக்கணக்கான பிறகும் றோசலின் அக்கா பகலில் வந்து போகிறார். இருவரும் தேத்தண்ணி குடித்தபடி, கடவுள் இருக்கிறாரா என்று சத்தமாகச் சண்டை பிடிப்பது ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.