கயிற்றில் இரண்டு இழுப்பு

நான் போன் பார்க்கவில்லை என்று இரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவனிடமும் சொல்வேன், கேட்காதவனிடமும் சொல்வேன். டீக்கடையில் யாராவது என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் போதும், "என்னலே பாக்கே? பாக்கலன்னா பாக்கலதான்" என்று எகிறிவிடுவேன். என் பெயர் இன்னாசி. சங்கு எடுக்கிற வள்ளத்தில் பத்தொன்பது வருஷம் கயிறு பிடித்தவன்.

எங்கள் கடற்கரையில் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றின் அடுத்த முனையில் கிடக்கிறது, அதனால் மச்சினன் அசந்து நிற்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், நல்லா இருக்கேன், கயிறு விடு. இரண்டு இழுப்பு வந்தால், மூச்சு முட்டுது, தூக்கு. இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

என் தங்கச்சி ஷீஜாவின் புருஷன் பெவின். அக்கா புருஷனுக்குப் பதின்மூன்று வருஷம், அவர் கடலை விட்டதும் ஆறு வருஷம் இவனுக்கு என்று நான்தான் கயிறு பிடித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், முயல் தீவைத் தாண்டி ஒரு இடத்தில் முங்கியபோது பழைய வலை ஒன்றில் அவன் கால் சிக்கிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தானாம். நான் தூக்கவில்லையாம். வலையைக் கத்தியால் அறுத்துவிட்டு அவனாகவே மேலே வந்தான். மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். கரையில் இறங்கியதும் அத்தனை பேர் முன்னால், "எம் மச்சான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு போன்ல படம் பாத்தான்" என்று சொல்லிவிட்டான்.

எனக்கு எப்படி இருக்கும்? மாதா கோயில் வாசலில் நின்று, பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். வயதில் மூத்தவன், சத்தியம் வேறு பண்ணிவிட்டேன், ஊர் என்னைத்தான் நம்பியது. பொய் சொன்ன மாப்பிள்ளை என்று பெவினுக்குப் பெயர் விழுந்தது. அன்றோடு ஷீஜா எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. காது கெட்டுப்போனதால் பெவின் கடலுக்குப் போகவில்லை. நானும் அதற்குப் பிறகு கயிறு பிடிக்கவில்லை, மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் போன மாசம் ஒரு காலையில் ஷீஜா வந்து நின்றாள். இரண்டு வருஷம் கழித்து வந்தவள், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"எண்ணே, நீ இன்னைக்கு உப்பளத்துக்கு வரணும். அவரு கயித்துல ஏறுதாரு."

விஷயம் எனக்குத் தெரியும். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் ஒரு சினிமாக்காரக் கூட்டம் இறங்கியிருந்தது. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிற சூப்பர் ஹீரோ படம். கணுக்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, பாதி முகத்துக்கு முகமூடி, கையில் வெள்ளி ஈட்டி, இதுதான் ஹீரோ. தண்ணீருக்குள் ரொம்ப நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற காட்சிக்கு டூப் வேண்டும் என்று பெவினைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆழம் இல்லாத இடம் என்பதால் காதுக்குத் தொந்தரவில்லை, போயிருந்தான். இப்போது ஆகாசத்தில் பறக்கிற டூப்புக்குக் கால் பிசகிவிட்டதாம். உயரமும் உடம்பும் ஒத்துப்போகிறது என்று பெவினையே பறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவன் பறந்தா எனக்கென்ன, முங்குனா எனக்கென்ன?" என்றேன். "ஊர் முன்னால எம் மானத்த வாங்குனவன்."

"மூணு எண்ணுனதும் குதிக்கணும்னு சொல்லியிருக்காங்க. அவருக்கு எடது காது சுத்தமா கேக்காது. அந்தக் காத்துல வலது காதும் சந்தேகம்தான். மாஸ்டர்ட்ட சொன்னா வேல போயிரும். அடுத்த படத்துக்கும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. கயித்துல இழுத்துச் சொன்னா அவருக்குப் புரியும். அது உனக்குத்தான தெரியும்?"

"அவனே என்னக் கூப்பிட்டானா?"

"இல்ல. நான்தான் கூப்பிடுதேன். எங்கழுத்துல கிடக்குறதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. வருவியா, மாட்டியா?"

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகப் பேசினாள். நான் ஐஸ் உடைக்கிற கட்டையைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

உப்பளத்தில் பார்த்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலை பதினோரு மணி, கண்ணைக் கூசுகிற வெயில், பாத்திக்கரையில் வரிசையாக நாற்பது ரத்தக்காட்டேரிகள் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தன. எல்லாரும் அங்கேயே உப்பு வாருகிற ஆட்கள். முகத்தில் வெள்ளை மாவு, வாயோரம் சிவப்புச் சாயம். எங்கள் பக்கத்துத் தெரு செல்லத்தாய் அக்கா கோரைப்பல்லைக் கழற்றி முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

"ஏலே இன்னாசி, காட்டேரின்னா வெயில்ல எரிஞ்சு போவுமாம். எங்கள மட்டும் உச்சி வெயில்ல நிறுத்தியிருக்கானுவ, பாத்தியா?"

பகலில் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ராத்திரி ஆக்கிவிடுவார்களாம். காட்டேரித் தலைவனாக நடிக்கிறவர் குடை நிழலில் ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். பெவினைப் பார்த்ததும் வந்த சிரிப்பும் போய்விட்டது.

கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸ்டண்ட் மாஸ்டர் அபிலாஷ் சென்னையிலிருந்து வந்தவர், நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர்.

"இவர் எதுக்கு பிரதர்? நம்ம ரோப் ஆளுங்க ஆறு பேர் இருக்காங்களே."

பெவின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்க பக்கத்துல மச்சான்தான் கயிறு பிடிக்கணும் சார். அவரு முன்னால நின்னாத்தான் நான் ஏறுவேன்."

ஷீஜா சொல்லச் சொல்லியிருப்பாள். இருந்தாலும் அந்த 'மச்சான்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், தலையாட்டினார். ஆறு பேருக்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள்.

ஏற்பாடு இதுதான். பெவின் ஒரு கிரேன் தொட்டியில் நாற்பதடி உயரத்தில் நிற்பான். அவன் முதுகுக் கொக்கியிலிருந்து கயிறு கிளம்பி, இன்னொரு கிரேனின் உச்சிக் கப்பியில் ஏறி, எங்கள் கைக்கு இறங்கி வரும். மூன்று எண்ணியதும் குதிப்பான். உப்பு அம்பாரத்துக்கு மேலே காற்றில் வந்து நிற்கும்போது நாங்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் சொன்னதும் இறக்க வேண்டும். அம்பாரத்தின் மேல் நிற்கிற காட்டேரித் தலைவனின் நெஞ்சில் அவன் ஈட்டியைச் செருகுவான்.

முகமூடியும் ஈட்டியும் இல்லாமல் ஒத்திகை பார்த்தோம். மாஸ்டர் மூன்று என்றதும் நான் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். குதித்தான். இம்மி பிசகவில்லை. கீழே இறங்கியதும் மாஸ்டர் கைதட்டினார். பெவின் என் பக்கம் பார்க்கவில்லை. ஷீஜா பாத்திக்கரையில் செல்லத்தாய் அக்கா பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தாள்.

அப்புறம் டேக். முகமூடியை இழுத்துக் கட்டினார்கள், கோட்டின் கழுத்துப்பட்டையை ஹீரோ வைக்கிற மாதிரி நிமிர்த்திவிட்டார்கள். ஆக்சன் என்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் இழுத்தேன், அவன் குதித்தான். கோட்டு விரிந்து பறந்தது. செல்லத்தாய் அக்காவே வாயைப் பிளந்துவிட்டாள், அவ்வளவு அழகு. அம்பாரத்துக்கு மேலே வந்து நின்றான்.

"ஹோல்ட்! அப்படியே ஹோல்ட்! சூப்பர்!" என்று மாஸ்டர் கத்தினார்.

மேலே பெவினின் கை பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தது. எல்லாருக்கும் அது ஹீரோ பாவனையாகத் தெரிந்திருக்கும். என் கையில் இரண்டு இழுப்பு வந்தது.

யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வருஷத்துக் கை, இரண்டு இழுப்பு என்றால் தூக்கும். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பெவின் மேலே போனான். மேலே போனவனின் கால்கள் இரண்டும் உதறத் தொடங்கின. மறுபடியும் இரண்டு இழுப்பு, இப்போது பலமே இல்லாமல்.

அப்போதுதான் உறைத்தது. அட மூதி, இது கடலா? கடலில் மூச்சு மேலே இருக்கிறது. இவனுக்கு மூச்சு கீழே இருக்கிறது.

"விடுங்கலே! கயித்த விடுங்கலே, பைய விடுங்க!"

"நோ, ஹோல்ட்! கேமரா ஓடுது!" என்று மாஸ்டர் அலறினார்.

பின்னால் நின்ற ஆறு பேரும் மாஸ்டர் பேச்சைத்தான் கேட்டார்கள். நான் முழங்கையால் பின்னால் நின்றவனை இடித்தேன், வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன், கயிற்றை முன்னால் நழுவவிட்டேன். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர்களும் தடுமாறிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். பெவின் உப்பு அம்பாரத்தின் மேல் முழங்காலில் விழுந்து சரிந்தான்.

நான் ஓடிப்போய் முகமூடியைப் பிய்த்தேன். முகம் கறுத்திருந்தது. நிமிர்த்திவிட்ட கழுத்துப்பட்டை முதுகுக் கொக்கியில் மாட்டி, உடம்பு எடை முழுக்கத் தொண்டையில் இறங்கியிருக்கிறது. காட்டேரித் தலைவர் தன் கையாலேயே கோட்டுப் பொத்தானைப் பிய்த்து எறிந்தார். பெவின் இருமினான், வாந்தி எடுத்தான், மூச்சு விட்டான். திட்டிக்கொண்டே ஓடிவந்த மாஸ்டர், அவன் கழுத்தில் ஏறியிருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்ததும் அப்படியே உப்பில் உட்கார்ந்துவிட்டார்.

ஷீஜா வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது காட்டேரிகளும் சுற்றி நின்றன. யாரோ, "இன்னாசி இல்லன்னா ஆளு போயிருப்பான்" என்றார்கள். "கயித்துக்காரன்னா இவன்லா!" என்றாள் செல்லத்தாய் அக்கா.

அந்தப் பாராட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது திட்டியிருந்தால் பதிலுக்கு எகிறியிருப்பேன், இன்னும் பத்து வருஷம் அப்படியே ஓட்டியிருப்பேன்.

"நான் பாத்தேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"அன்னைக்கு வள்ளத்துல நான் போன்ல படம்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பேய அடிக்கிற சண்டை, நல்ல கட்டம். ரெண்டு இழுப்பு வந்துச்சு. கையில தெரிஞ்சுது. இந்தச் சண்டை முடியட்டும்னு இருந்துட்டேன். மாதா மேல பண்ணுன சத்தியம் பொய். இவன் சொன்னதுதான் நெசம்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆம்பளை, கோரைப்பல் வைத்த கூட்டத்துக்கு நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் இரண்டு வருஷமாகக் கிடந்த கல் ஒன்று நகர்ந்தது.

பெவின் தண்ணீர் வாங்கிக் குடித்தான். குரல் கம்மிப்போய்த்தான் பேசினான்.

"தெரியும் மச்சான்."

"என்னத்தத் தெரியும்? போன மடியில சொருகிட்டுத்தான உன்ன வள்ளத்துக்குள்ள தூக்கிப் போட்டேன்?"

"சொருகுனே. நிறுத்தல. மடிக்குள்ள அந்தச் சண்டைச் சத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. எடது காதுல நான் கடைசியாக் கேட்ட சத்தம் அதுதான்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருக்கலாம். சும்மா, நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான். உரிந்த கையில் உப்பு பட்டு எரிந்தது. எரியட்டும் என்று இருந்தேன்.

டாக்டர் வந்து கழுத்தைப் பார்த்தார். மாஸ்டரிடம் காது விஷயத்தையும் நானே சொல்லிவிட்டேன். நம்மால் வந்த வினை, நம் வாயாலேயே சொல்லிவிடுவோம் என்றுதான். பெவின் என்னை முறைத்தான். அபிலாஷ் மாஸ்டர் என் உரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நீங்களும் எங்க கூட வரணும் இன்னாசி சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, கழுத்துப்பட்டையை அறுத்தெறிந்த கோட்டோடு பெவின் மறுபடியும் கிரேனில் ஏறினான். ஏறுவதற்கு முன்னால், கையில் துணி சுற்றி நின்ற என்னிடம் வந்தான்.

"மச்சான், இங்கன ரெண்டு இழுத்தா எறக்கணும். தூக்கிராத."

"சரி மாப்ள."

ஷீஜா பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.