பதினெட்டு நிமிடத்தில் பத்தொன்பது

காலை ஒன்பதே காலுக்கு மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"ஏம்மா, கையெழுத்து போடச் சொல்லி வரிக்கணக்கு அனுப்பியிருக்கீங்களே, அதுல எங்க அண்ணன் கடைச் சரக்கெல்லாம் என் பேர்ல இருக்கு. அவர் விக்கறது டயர். நான் எப்பங்க டயர் வித்தேன்?"

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அந்த ஃபைல் எங்கள் போர்டில் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் வரி வரியாகச் சரிபார்த்துவிட்டார் என்று அர்த்தம். சரிபார்த்த கண்ணுக்கு டயர் தெரியாமல் போகுமா?

நான் இந்த ஆடிட்டர் ஆபீஸில் ஆபரேஷன்ஸ் ஹெட். ஆடிட்டர் இல்லை. பதினோரு வருஷம் வாசல் மேஜையில் போன் எடுத்தவள். எந்த ஃபைல் யார் மேஜையில் தூங்குகிறது என்று எனக்குத்தான் தெரியும் என்பதால், போன வருஷம் சின்னவர் என்னை உள்ளே உட்கார வைத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் முதலாளிகள். அண்ணன்காரர், அதாவது பெரியவர், என் காதுபடவே கேட்டார்: "கணக்கே தெரியாதவ கணக்கு ஆபீஸை நடத்தறதா?"

அந்த ரோஷத்தில் நான் கொண்டுவந்ததுதான் போர்டு. சுவரில் பெரிய டிவி. அதில் ஃபைலுக்கு ஒரு வரி. சரிபார்ப்பவர் தன் கம்ப்யூட்டரில் டிக் போட்டால் வரி பச்சையாகும். இரண்டு நாளுக்கு மேல் ஒருவரிடம் தங்கினால் சிவப்பு. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் சிவப்புக்காரர்களின் பெயரை நான் எழுந்து நின்று வாசிப்பேன். வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும். பொய் சொல்வானேன்?

இன்று திங்கட்கிழமை. மீட்டிங்கை இன்று காலைதான் ரத்து செய்தேன், பதினோரு மணிக்கு விருந்தாளிகள். எங்களைவிடப் பெரிய ஆபீஸ் ஒன்று எங்களோடு சேரப்போகிறது. அவர்களுக்கும் ஒரு ஆபரேஷன்ஸ் ஹெட் இருக்கிறார். இரண்டு ஆபீஸ் ஒன்றான பிறகு அந்த நாற்காலியும் ஒன்றுதான். அவரா நானா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் முழங்கால் ஆபரேஷன் முடிந்து நாலு மாதமாகக் கட்டிலில். வீடு ஓடுவது என் சம்பளத்தில். கிளம்பும்போது அவர் சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிட்டு இரு. பச்சையைக் காட்டு, சிரி, வந்துடு."

போனை வைத்துவிட்டு அந்த ஃபைலைத் திறந்தேன். டிக் போட்டது யார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் பதிவாகும். கண்ணாடி அக்கா. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பத்தொன்று. அவருடைய மற்ற ஃபைல்களையும் பார்த்தேன். ஐந்து நாற்பதிலிருந்து ஐந்து ஐம்பத்தெட்டுக்குள் பத்தொன்பது ஃபைல்கள். ஒரு ஃபைலுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. எனக்குக் கணக்கு தெரியாதுதான். கடிகாரம் தெரியும்.

கண்ணாடி அக்கா என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார். அவரா இப்படி? சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை பத்தொன்பதையும் பாத்தீங்களா?"

அவர் தலைக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இல்ல."

"ஐயோ, என்னக்கா இது! நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"திங்கக்கிழமை என் பேரை நீ வாசிப்ப. இருவத்திரண்டு வருஷமா என் பேரை யாரும் அப்படி வாசிச்சதில்லம்மா. பச்சையாக்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் பாத்துடலாம்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு."

திட்டத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். பயமுறுத்தியது யார்? நான்தானே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மணி பத்தேகால். இரண்டு மணி நேரம் பொறுத்தால் என்ன? விருந்தாளிகள் பச்சையைப் பார்ப்பார்கள், கை கொடுப்பார்கள், போவார்கள். பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். அரசாங்கத்துக்கு அனுப்பக் கடைசி நாள் புதன்கிழமைதான். ஆனால் இந்த நிமிஷம் பதினெட்டு பேர் எங்களை நம்பி, ஒரு எழுத்துகூடப் படிக்காமல், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். படிக்கிற பழக்கம் மருந்துக்கடைக்காரர் ஒருத்தருக்குத்தான் இருந்திருக்கிறது.

"போன் எடுங்கக்கா. ஒருத்தர் விடாம கூப்பிட்டு, கையெழுத்து போட வேண்டாம்னு சொல்லுங்க."

என் இடத்துக்கு வந்து பத்தொன்பது டிக்கையும் எடுத்தேன். சுவர் டிவியில் ஒவ்வொன்றாகச் சிவந்தது. டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது.

"என்னாச்சு?" என்றார் 'நாளைக்கு' சார். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் அந்தப் பெயர்.

"பாக்காம பச்சையாக்கினது. அக்கா மேல தப்பு இல்ல, என் மேலதான். இனிமே யார் பேரையும் வாசிக்க மாட்டேன்."

அவர் காதைச் சொறிந்தார். "அப்படின்னா... என்னோடதுலயும் ஒரு ஆறு இருக்கு."

"இப்பவா சொல்வீங்க?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஜன்னலோரம் இருந்த இருவர் எழுந்தார்கள். ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்கு நான்கு. பத்தே முக்காலுக்குப் பெரியவர் அறையை விட்டு வெளியே வந்தார்.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கல சார்."

"இன்னும் கால் மணியில அவங்க வராங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது கண்ணாடி அக்கா என் முழங்கையைத் தொட்டார். டிவியில் இன்னொரு வரி சிவந்தது. பிறகு இன்னொன்று. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் பெரியவரின் பெயர். மொத்தம் ஏழு.

லிஃப்ட் திறந்தது. சின்னவர் வாயெல்லாம் பல்லாக அவர்களை அழைத்து வந்தார். டிவியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர்களுடைய ஆபரேஷன்ஸ் ஹெட் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். மிடுக்கான பெண்மணி. நேராக என்னிடம் வந்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்க அனுப்பின போர்டு படத்துல எல்லாம் பச்சையா இருந்துச்சே?"

வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னாரே வீட்டுக்காரர் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அது பொய் மேடம். சிவப்பானா பேரை வாசிப்பேன்னு பயமுறுத்தி வெச்சிருந்தேன். அதனால பாக்காமலே டிக் போட்டிருக்காங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டிக் போட்ட நேரத்தைப் பாத்தேன். பதினெட்டு நிமிஷத்துல பத்தொன்பது ஃபைல்."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்க பேரை வாசிக்கறதில்ல," என்றார் மெதுவாக. "சிவப்பானவங்க லிஸ்டை எல்லாருக்கும் மெயில்ல போடுவோம்."

பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு முழுசாகச் சாத்தவில்லை. "நம்ம ஆளுங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்ட டிக்குக்கெல்லாம் நேரம் எடுத்துச் சொல்லு... இல்ல, நான் வந்தப்புறம் இல்ல. இப்பவே." எட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதி குடித்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்ணு மேடம். உங்களுக்கு?"

"இன்னும் எண்ணிக்கிட்டிருக்காங்க."