இடது தோள்

"பொய் சொல்லாதே. கை என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. பேக்கரியில மாவு மூட்டை தூக்கினேன். சுளுக்கு."

"ரொட்டிக்கு உறை போடுறவளுக்கு மூட்டை எங்கேருந்து வந்துச்சு?"

பக்கவாதத்தில் மாமியாருக்கு வலப்பக்கம் விழுந்ததிலிருந்து குளியலறைக்கு மருமகள்தான் கால். அவளுடைய இடது தோளில் தாடையை ஊன்றி, கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் சக்கர நாற்காலியிலிருந்து எழுவாள். இன்று பாதியில் மருமகள் துள்ளிவிட்டாள். எப்படியோ ஸ்டூலில் இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

நேற்று நர்ஸ், "எந்தக் கையால எழுதுவீங்க?" என்று கேட்டாள். வலது என்றதும் இடது கையில் குத்திவிட்டாள். எந்தக் கையால் மாமியாரைத் தூக்குவீர்கள் என்று கேட்கவில்லை. இவளுக்கும் தோன்றவில்லை.

"ஊசியா?"

மருமகள் குழாயைத் திறந்துவிட்டாள். கதவுக்கு வெளியேதான் கணவனின் மேசை. லாரி ஆபீஸ் மூடியதிலிருந்து அவன் எங்கும் போவதில்லை. கொரோனா தடுப்பூசி போட்ட மூன்றாம் நாள் தன் தம்பி இறந்ததும், "இனி எவராவது ஊசி போட்டுக்கிட்டா, வாசல் அந்தப் பக்கம்" என்று சொன்னவன். சொன்னால் செய்பவன்.

"பக்கத்து மேசைக்காரி இருமிக்கிட்டே உறை போட்டா. அப்புறம் வரவே இல்ல. நீங்க தினமும் என் கழுத்துல மூச்சு விடுறீங்க, நான் உங்க காதுல விடுறேன். என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எனக்காகவா போட்டுக்கிட்டே?"

"ரொம்ப உருகாதீங்க. பாதி எனக்காக."

மாமியார் சிரிக்கப் பார்த்தாள். ஒரு பக்க உதடு மட்டும் ஒத்துழைத்தது. வாளி நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

"சின்னவன் கிளம்பும்போதே உடம்பு அனலாக் கொதிச்சுது. நெத்தியத் தொட்டவ நான்தான். 'இன்னைக்கு விட்டா எப்பக் கிடைக்குமோ, போட்டுட்டு வந்து படு'ன்னு அனுப்பினேன்."

"அப்படின்னா நோய் அவருக்கு முன்னாடியே..."

"பெரியவன் ஊசிமேல கோபப்பட்டான். படட்டும்னு விட்டுட்டேன். ஊசிக்கு வலிக்கவா போகுது?"

மருமகள் குளிப்பாட்டினாள். துவட்டினாள். புடவையைச் சுற்றினாள். பிறகு குனிந்து வலது தோளைக் கொடுத்தாள். மாமியாரின் செத்த கை அந்தப் பக்கம் வழுக்கி விழுந்தது. மறுபடி இடது தோள். பல்லைக் கடித்துத் தூக்கினாள். ஸ்டூலிலிருந்து ஒரு சாண் எழுந்து, இருவரும் அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது.

"என்ன சத்தம்? தாழ்ப்பாளைத் திற, நான் தூக்குறேன். உனக்கென்ன ஆச்சு?"

ஈரத் தரையில் மண்டியிட்டிருந்த மருமகள் குழாயை மூடவில்லை. மாமியாரின் உயிருள்ள கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்தக் காய்ச்சலை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."