இலையோடு கிடந்த மரம்

நீண்ட முடியைக் கண்டால் ஹருமிச்சிக்குக் கை அரிக்கும். ஒசாக்காவில் பதினெட்டு வருஷம் சலூன் நடத்தியவன். யோஷினோ மலையில் காடு வைத்திருக்கும் தொராமத்சுவின் ஒரே மகள் சாயோவைக் கட்டிக்கொண்டு, அந்தக் குடும்பப் பெயரையும் வாங்கிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாமனாரிடம் மட்டும் அவன் பருப்பு வேகவில்லை. "சலூன்காரரே" என்றுதான் கூப்பிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒருவன் கத்திரிக்கோலோடு உட்கார்ந்திருக்க, முடிவெட்டிக்கொள்ள பஸ் ஏறி இரண்டு மலை தாண்டிப் போவார் அந்த மனுஷன். அந்த வலி முடிவெட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஊர்க் கோயிலின் கூரை உத்தரத்துக்குத் தன் காட்டு மரத்தைத் தருவதாக அந்த வருஷம் தொராமத்சு வாக்குக் கொடுத்திருந்தார். செப்டம்பரில், ஒன்றுக்கு மூன்றாகச் சுகி என்ற ஊசியிலை மரங்களை வெட்டி, உச்சி மேட்டைப் பார்க்கச் சாய்த்துவிட்டு வந்தார்கள். ஜனவரித் திருவிழாவில் ஊரார் அதில் ஒன்றைத் தோளில் சுமந்து நூற்று நாற்பது படி ஏற்ற வேண்டும். இயந்திரம் கூடாது. வழியில் தரையில் இறக்கவும் கூடாது. முன்பு அறுபது பேர் தூக்குவார்கள். இப்போது இருபது பேர் தேறினால் பெரிது.

மூன்று வாரம் கழித்துக் காளான் பறிக்கப் போன ஹருமிச்சி அந்த மரங்களைப் பார்த்தான். கிளையும் இலையுமாக அப்படியே கிடந்தன. இரண்டு வருஷமும் அறுவைப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கியவன் அவன். மொட்டையாக வந்து சேரும் கட்டைகளைத்தான் கண்டிருக்கிறான். பாவம், மாமாவுக்கு முதுகு வலி போலிருக்கிறது, வேலையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். மறுநாளே யாருக்கும் சொல்லாமல் ரம்பத்தோடு போய், இரண்டு மரங்களை மழுமழுவென்று வழித்தெடுத்தான். மூன்றாவதன் பக்கம் போனபோது அடிக்கட்டைப் பொந்திலிருந்து குளவிகள் கிளம்பின. காதில் ஒன்று போட்டது. ரம்பத்தை அங்கேயே எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

இரவுச் சாப்பாட்டில், அப்பம் மாதிரி வீங்கிய காதோடு, பெருமையாகவே சொன்னான். "மாமா, உங்க மரத்துல ரெண்டுக்கு இன்னைக்கு நான் முடிவெட்டிட்டேன்."

தொராமத்சு சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். சேப்பங்கிழங்கு கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விட்டார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? அடப் பாவி மனுஷா!" சாயோ தலையில் கை வைத்தாள். "அத எதுக்கு இலையோட போட்டு வச்சிருக்கோம், அழகுக்கா? மரத்த வெட்டினது இலைக்குத் தெரியாதுங்க. அது பாட்டுக்கு வெயில்லயும் காத்துலயும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அடிமரத்துத் தண்ணி மேல ஏறி வெளிய போகும். மூணு நாலு மாசத்துல இலை சிவந்து உதிரும், மரம் பாதியா இளைச்சிருக்கும். நீங்க அதோட மூக்கையெல்லாம் அறுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

"அப்போ அந்த ரெண்டும்?"

"தண்ணிக் குடம். இருபது பேர் தூக்கினா இருபது இடுப்பும் போயிடும். அப்பா வாக்குக் கொடுத்திருக்காரு, ஞாபகம் இருக்கட்டும்."

ஹருமிச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊர் முன்னால் மாமனார் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கும். சலூன்காரன் என்ற பெயர் அப்புறம் செத்தாலும் போகாது.

விடிந்ததும் மூன்றாவது மரத்தைப் பார்க்க ஓடினான். குளவி புண்ணியத்தில் இலை அத்தனையும் இருந்தது. ஆனால் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. சுற்றிலும் மூங்கிலும் புதரும் அடைத்து நின்றன. காற்று இல்லை, வெயில் இல்லை. முந்தின மழையின் ஈரம் இன்னும் சொட்டியது. பக்கத்து மேட்டில் அவன் வெட்டிப் போட்ட கிளைகளின் இலை ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது. இதுவோ நேற்று வெட்டியது போலப் பச்சையாகச் சிரித்தது. இந்த ஈரக் காற்றில் இலை எங்கே மூச்சு விடும்?

ஹருமிச்சி பள்ளத்தை மூன்று முறை சுற்றி வந்தான். அடர்ந்த தலையில் எங்கே எடுத்தால் காற்று ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். மூங்கிலை வெட்டினான். தெற்குப் பக்கப் புதரைத் திறந்துவிட்டான். மரத்தின் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. பதினொரு நாள் வேலை, பதினாறு குளவிக் கொட்டு. "முகம் பூசணிக்காயாட்டம் இருக்கு" என்று சாயோ மருந்து தடவினாள். தொராமத்சு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள், பள்ளத்து மண்ணில் தன்னுடையதல்லாத ஒரு செருப்புத் தடத்தை ஹருமிச்சி பார்த்தான்.

அக்டோபரில் மலைக்காற்று பள்ளத்தில் இறங்கி ஓடியது. நவம்பரில் இலை நுனி மஞ்சளித்தது. டிசம்பரில் மரம் முழுக்கச் செங்கல் நிறம். தொட்டால் பொலபொலவென்று கொட்டியது.

திருவிழாவன்று பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். இருபதாவது தோள் ஹருமிச்சியுடையது, மாமனாருக்கு நேர் பின்னால். "தூக்கு" என்று தொராமத்சு சொன்னார். மரம் எழுந்தது. இரண்டு பேர் ஆச்சரியத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது, எண்பது, நூறு படி. ஒருவரும் கீழே இறக்கவில்லை. நூற்று நாற்பதாவது படியில் உத்தரத்தை மேடையில் வைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

சாராயக் கோப்பைகள் சுற்றி வந்தன. தொராமத்சு ஒன்றைக் குடித்துவிட்டு, கோயில் முற்றத்தில் கிடந்த முக்காலியில் போய் உட்கார்ந்தார். துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"கத்திரி கொண்டாந்திருக்கியா?"

அவன் எப்போதும் மடியில் வைத்திருப்பதுதான். எடுத்தான்.

"எவ்ளோ எடுக்கணும் மாமா?"

"அத ஏன் என்கிட்ட கேக்கற," என்றார் தொராமத்சு. "எத வெட்டணும், எத விடணும்னு உனக்குத்தான் தெரியுமே."