செருப்புக்குப் பாய்ந்த தண்ணீர்

கோயமுத்தூரில் தொண்ணூற்றாறாம் வருடம் நடந்த பம்ப் கண்காட்சியில், நான் ஒரு வருடம் உழைத்துச் செய்த கம்ப்யூட்டர் அறை, முதல் நாள் முழுக்க ஒரு செருப்புக் குவியலுக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாலகோபால் என்றால் பீளமேட்டில் தெரியாத பம்ப்காரர் இல்லை. நான் எம்.இ. முடித்துவிட்டு வந்து, எனக்கு ஓர் இடம் வேண்டும், ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், ஒரு வருடம் யாரும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கேட்டபோது, இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தகரச் செட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போதே கெடுவும் வைத்தார்.

"அடுத்த வருசம் கண்காட்சில நாலு நாள் வெய்யி அம்மணி. கடைசி நாள் நானே வந்து பாக்கறேன். நம்ம சரக்கு விக்க ஒதவும்னா செட்டு உனக்கு. இல்லீன்னா அங்க மோல்டு பொட்டி அடுக்கிப்போடலாம்."

அந்த ஒரு வருடத்தில் அவர் செட்டுக்குள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பது தடவை கூப்பிட்டிருப்பேன். "வாரேன், வாரேன்" என்பார். வரமாட்டார்.

தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் போய்விடலாம் என்று அப்போது பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஹெல்மெட் வேண்டாம். விவசாயிகள் தலையில் கட்டிவருகிற உருமாலைக்கு மேல் அதை எங்கே மாட்டுவது? நான் செய்தது ஓர் அறை. பின்னால் டியூப் லைட் போட்ட வெள்ளைத் துணி. எதிரே பெரிய திரை, அதன் கீழே ஒரு கேமரா. நடுவில் கல்யாணப் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த சிவப்பு ஜமுக்காளம். நீங்கள் உள்ளே வந்து நின்றால், திரையில் ஒரு காடு தெரியும்; எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். அந்தக் காட்டில் உங்கள் நிழல் நிற்கும். இடது ஓரம் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் இருக்கும். நிழலின் கையால் மோட்டாரைத் தொட்டால் தண்ணீர் வரும். நீங்கள் நடக்கிற பக்கமெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் கூடவே வரும். இந்தக் குதிரைத்திறனுக்கு எத்தனை ஏக்கர் பாயும் என்பதைக் காலால் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

கம்ப்யூட்டருக்கு மனிதனைத் தெரியாது. காலையில் காலி அறையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் படத்தில் இல்லாதது எது புதிதாக வந்தாலும் அதுதான் விருந்தாளி. இருப்பதில் பெரியது எதுவோ அதற்கே முதல் மரியாதை. செட்டில் நானே ஆயிரம் தடவை நடந்து பார்த்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. தவறாதுதான். செட்டில் நான் ஒருத்தி, காலில் ஒரே ஜோடி செருப்பு, அதையும் நான் கழற்றவில்லை.

கண்காட்சிக்கு வந்தவர்கள் ஜமுக்காளத்தைப் பார்த்தார்கள், வாசலை ஒட்டி உள்பக்கமாகச் செருப்பைக் கழற்றினார்கள். பத்து பேர், பதினைந்து பேர். பத்தரை மணிக்குள் முழங்கால் உயரத்துக்குக் குவியல். அந்தக் குவியல் திரையில் இடது ஓரத்தில் குட்டையான, ஆனால் எல்லோரையும் விட அகலமான ஓர் ஆசாமி மாதிரி, மோட்டாரின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மோட்டார் நிற்காமல் ஓடியது. நடுவில் நின்று மனிதர்கள் கையை வீசிக்கொண்டிருக்க, தண்ணீரெல்லாம் செருப்பைத் தேடிப் போனது.

தாராபுரத்திலிருந்து வந்த பாலுசாமி என்கிற விவசாயி வெகுநேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணி செருப்புக்குத்தான் பாயுமுங்களா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, விவரம்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் நாள் 'செருப்புடன் வரலாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன். எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். நைனாவின் விற்பனை மேலாளர் வரதராஜுலுவைக் கூப்பிட்டு, செருப்பையெல்லாம் வெளியே விடச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். கூட்டத்தில் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், ஜனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சரி, கையிலாவது இருக்கட்டும், மோட்டாரைத் தொடுங்கள் என்றால் தொடவில்லை.

பாலுசாமி அன்றைக்கு மனைவி பழனாத்தாளையும் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாளிடம் நான் கெஞ்சாத குறை.

"சும்மா படந்தானுங்க. தொடுங்க."

"படமா இருந்தா என்னுங்க? செருப்புக் கையில மோட்டாரத் தொடறதுங்களா? ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சுக் கும்புடற சாமானாச்சுங்களே!"

வரதராஜுலு என் பக்கத்தில் வந்து, "பேசாம ஒரு மோட்டாரக் கொண்டாந்து மேசை மேல வெச்சுப்போட்டா வேல முடிஞ்சுதுங்களே" என்றார். அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

ஆத்திரத்தோடு ஆத்திரமாக எனக்கு அழுகையும் வந்தது. செருப்புக் காலால் ஜமுக்காளத்தை மிதிக்கக்கூடாது, செருப்புக் கையால் மோட்டாரைத் தொடக்கூடாது, இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய? அதே சமயம், ஒரு படத்து மோட்டாருக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவர்களைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. என் மிஷினுக்குத்தான் மரியாதை தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், யோசனை வந்தது. செருப்பு அசையாது, மனிதன் அசைவான். முப்பது நொடி அசையாமல் கிடப்பது எதுவாக இருந்தாலும் அதைத் தரையோடு தரையாகச் சேர்த்துவிடு, விருந்தாளிக் கணக்கில் வைக்காதே. எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்குக் கூட்டத்தை உள்ளே விட்டேன். இந்தத் தடவை யாரையும் தடுக்கவில்லை, முதல் நாள் மாதிரியே செருப்பை உள்ளே குவித்தார்கள். முப்பது நொடியில் அந்தக் குட்டை ஆசாமி திரையிலிருந்து கரைந்து போனான். மோட்டார் நின்றது. அன்றைக்கும் வந்திருந்த பழனாத்தாள் வெறும் கையோடு வந்து, மோட்டாரை முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தண்ணீர் வந்தது. அவர் நடந்த பக்கமெல்லாம் வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்காலுக்கு மடை மாற்றுகிற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"அட, நம்ம காட்ல கெழக்கால மேடுங்க. அங்க ஏறுமுங்களா தண்ணி?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்விக்காகத்தான் ஒரு வருடம் செட்டில் கிடந்தேன். அன்று சாயங்காலம் வரை வரிசை குறையவில்லை. இரண்டு டீலர்கள் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். செட்டு எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நைனா வந்தார். அந்த இரண்டு டீலர்களும் கூட வந்தார்கள், வரதராஜுலு பின்னால் வந்தார். வாசலில் நைனா ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றினார். எங்கேயும் ஷூவைக் கழற்றாத மனுஷர். என் அறைக்காகக் கழற்றினாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மற்றவர்கள் கேமராவில் படாத ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, அவர் உள்ளே வந்து ஜமுக்காளத்தின் நடுவில் நின்றார். கைகள் இரண்டும் பின்னால். திரையில் அவர் நிழல் கம்பீரமாக எழுந்தது. டீலர்கள் ஆகா என்றார்கள்.

நைனா பார்த்துக்கொண்டே நின்றார்.

பவுண்டரியில் இரும்பு ஊற்றும்போது அவர் அப்படித்தான் நிற்பார். கொதிக்கும் குழம்பு அச்சுக்குள் இறங்கி முடிகிறவரை இமைகூட அசையாது. ஒரு பொருளை நன்றாகப் பார்ப்பது என்றால் அவருக்கு அசையாமல் நிற்பதுதான். முப்பது வருடமாக அவர் மதித்த எதையும் அப்படித்தான் பார்த்தார். என் அறையையும் அப்படித்தான் மதித்துப் பார்த்தார். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் நான் மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் பாதங்கள் போயின. பிறகு முழங்கால் வரை. பிறகு இடுப்பு. மூச்சு விடும் நெஞ்சும் தலையும் மட்டும் கொஞ்ச நேரம் காட்டுக்கு மேலே மிதந்தன. பிறகு அவையும் கரைந்துபோய் வெறும் காடு மிஞ்சியது.

ஒரு டீலர் சிரித்துவிட்டார். "ஏனுங்க மொதலாளி, உங்களையே காணமுங்க!"

"நைனா, கையை ஆட்டுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"ஆட்டினாத்தானுங்க தெரிவீங்க."

"நான் இங்கதான நிக்கறேன்? நிக்கறது தெரியறதில்லியா இதுக்கு?"

குரல் உயரவில்லை. ஆனால் கை பின்னாலிருந்து முன்னால் வரவும் இல்லை. நாலு பேர் முன்னால் கையை ஆட்டி, நான் இருக்கிறேன் என்று ஒரு பெட்டிக்குக் காட்டுகிற மனிதர் இல்லை அவர். எனக்கானால் ஒரே பதற்றம். ஒரு கை, ஒரே ஒரு கை தூக்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஏன் இந்த மனுஷர் எனக்காக இதைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மிஷின்மேல் தப்பில்லை என்று நிரூபிக்கிற அவசரத்தில் விளக்கம் சொன்னேன்.

"மிஷின் சரியாத்தானுங்க வேலை செய்யுது. அசையாம நின்னா அதுக்கு ஆள்னு தெரியாதுங்க நைனா. செருப்புன்னு நெனச்சுக்கிச்சு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. டீலர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். வரதராஜுலு தொண்டையைக் கனைத்தார்.

நைனா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்.

அடி எடுத்து வைத்ததும் திரையில் அவர் முழுதாகத் தெரிந்தார். கால், இடுப்பு, தோள், தலை, எல்லாம் கன கச்சிதம். செட்டில் நான் ஆயிரம் தடவை நடந்து சரிபார்த்ததெல்லாம் அந்த நாலு அடியில் ஒரு பிசகில்லாமல் நடந்தது. வாசலில் நின்று குனிந்து ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"வரதராஜுலு, நாளைக்குக் காலைல மோல்டு பொட்டியெல்லாம் செட்டுக்குக் கொண்டுபோயி எறக்கிப்போடுங்க" என்றபடி, பவுண்டரி இருக்கிற திசையில் கையை நீட்டினார்.

நீட்டிய கையின் நிழல் மோட்டாரில் பட்டது. காடு முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது.