படிவத்தில் இருந்த பிள்ளைகள்

காலை பத்தே கால். முதியோர் அட்டைக்கு வயதுச் சான்று வேண்டும். சரளா கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். மர்பி டவுனின் அந்த ஒற்றை அறையில் நாற்பத்தைந்து வருடமாக அவளும் நாராயணசாமியும் மட்டும்தான். பிள்ளையில்லை. குறை சரளாவிடம் என்பது தெருவுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவருடைய பழைய சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதம் விழுந்தது. தலைப்பு மடிப்பில் அழிந்திருந்தது. மற்றதெல்லாம் கன்னடம். ஐந்தாவது வரை அதில்தான் படித்தவள். விரல் வைத்து வாசித்தாள்.

"யோவ், எழுபத்தாறுலயே உனக்கு முப்பத்திரெண்டு வயசுன்னு போட்டிருக்கான். கெழவனயா எங்கப்பன் என் தலையில கட்டிட்டான்?"

சவரம் செய்துகொண்டிருந்த நாராயணசாமியின் கை நின்றது.

அவள் சிரித்தபடியே அடுத்த வரிக்குப் போனாள். உயிருடன் உள்ள குழந்தைகள்: இரண்டு. மஞ்சுநாத், ஐந்து வயது. கீதா, மூன்று.

"யாருய்யா இவங்க?"

"யாருமில்ல."

"பேரு போட்டிருக்குதே. எனக்கு முன்னாடி எவளாச்சும் இருந்தாளா?"

"எவளும் இல்ல சரளா. சத்தியமா."

முகத்தில் நுரை காய்ந்தது. சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தொன்று. கல்யாணமாகவில்லை. ரோடு வேலை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மேஸ்திரி அந்த மாதம் பத்து ஆள் காட்ட வேண்டும், ஒன்பதுதான் சேர்ந்தது. அவரையும் லாரியில் ஏற்றினார்கள். இரண்டு பிள்ளை உள்ளவனுக்குத்தான் ஆபரேஷன் என்றது படிவம். குமாஸ்தா பேனாவை உதறினான். அவருக்கு வயதைக் கூட்டினான். பிள்ளைகளை எழுதினான். அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

"பேருகூட அவன்தான் வெச்சான்."

"இத ஏன் கிழிக்கல?"

"மறுபடி புடிச்சினு போனா காட்டணும்ல." காய்ந்த நுரையைத் துண்டால் துடைத்தார். "அப்பறம் மனசு வரல. மஞ்சுநாத்துக்கு இப்ப அம்பத்திநாலு. பொண்ணுக்கு அம்பத்திரெண்டு."

சரளா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, யாருக்கோ இடம் விடுவதுபோல் ஓரமாக நகர்ந்தாள். வெகுநேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தாள்.

"உன் தங்கச்சி வளைகாப்புல, புள்ளயில்லாதவ அவளுக்குப் போடக்கூடாதுன்னு உங்கம்மா என் கையில இருந்த வளையல புடுங்கினாங்களே, அப்ப நீ வாசப்படியில நின்னு பாத்துக்கினுதானே இருந்த?"