பட்டியலில் இல்லாத நாடு

ஐந்து நாடுகள், ஆறு தொழிற்சாலைகள், பதினொரு நாட்கள். புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மெஷின் ஒவ்வொன்றையும் பிரித்து, துடைத்து, சரி பார்த்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த மெஷினின் இரும்புப் பக்கம் தெரிந்தவர் கம்பெனியில் ஒருவர்தான். அவரை எல்லோரும் ஸ்பானர் என்பார்கள். மின்சாரப் பக்கம் தெரிந்தவனும் ஒருவன்தான். அவனுக்குப் பெயர் மீட்டர். இருவரையும் ஒன்றாக அனுப்புவதைத் தவிர முதலாளிக்கு வேறு வழியில்லை.

மீட்டர், ஸ்பானரின் தங்கை கணவன். நான்கு மாதங்களுக்கு முன்பு அந்தத் தங்கை ஒரு பெட்டியோடும் ஆறு வயது மகளோடும் ஸ்பானர் வீட்டுக்கு வந்துவிட்டாள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதுவரை "மச்சான்" என்று தோளில் கை போட்டவன் அதன் பிறகு "சார்" என்று கூப்பிடத் தொடங்கினான். பதிலுக்கு ஸ்பானர் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கிளம்பும் நாளன்று டிக்கெட் வேலை பார்க்கும் அம்மா இருவரையும் மேசைக்கு அழைத்தாள்.

"ஒவ்வொரு நாட்டுலயும் சிம் வாங்கி மாத்திக்கிட்டு இருக்க முடியாது. அதனால ஒரே ஈசிம், அதான் போனுக்குள்ளயே ஏத்துற சிம், அந்தப் பக்கத்து முப்பத்தெட்டு நாட்டுக்கும் சேர்த்து வாங்கியிருக்கேன். டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. சார், உங்க போன்ல ஈசிம் ஏறாது, பழைய மாடல். அவரோட போன்ல ஏத்திட்டேன். நீங்க ஹாட்ஸ்பாட் போட்டுக்கங்க. ஒரே குடும்பம்தானே."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்டேப்ளரை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

ஈசிம் பற்றிய விவரத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தாள். மீட்டர் அதைத் தொடவில்லை. எதையும் படித்துத் தெரிந்துகொள்வது அவனுக்கு ஆகாது. கழற்றிப் பார்த்தால் புரிந்துவிடும் என்பான். ஸ்பானர் நேர் எதிர். குடை வாங்கினால்கூட அதோடு வரும் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் விரிப்பார். விமானத்தில் அந்தத் தாளை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இறங்கியதும் மீட்டரின் போனில் இணையம் வந்தது. ஸ்பானர் தன் போனை நீட்டினார்.

"பாஸ்வேர்டு?"

மீட்டர் எட்டு எண்களைச் சொன்னான். நான்காவது எண்ணிலேயே ஸ்பானருக்குப் புரிந்துவிட்டது. அது ஒரு தேதி. தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தேதி.

"வேற வைக்கக்கூடாதா?"

"எனக்கு மறக்காத தேதி இதுதான் சார். மறக்காததைத்தானே வைக்கணும்."

ஸ்பானர் அந்த எட்டு எண்களையும் அழுத்தினார். அவருடைய பழைய போனில் பாஸ்வேர்டு தங்காது; இணைக்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதல் தொழிற்சாலையில் ஒரு தடவை, இரண்டாவதில் நான்கு தடவை. மீட்டர் சாப்பிடப் போனால் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டுப் போவான். மெஷினின் வரைபடம் பாதி இறங்கியிருக்கும்போது அணைப்பான். "பேட்டரி தீருது சார்" என்பான். அவன் பையில் செங்கல் போல ஒரு பவர்பேங்க் இருந்தது இருவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் ஸ்பானர் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தபோது தங்கை அழைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அண்ணா, அந்த மனுஷன் பக்கத்துல இருக்கானா? வேலையாவது ஒழுங்கா பார்க்கிறானா, இல்ல அங்கயும் உம்முன்னு மூஞ்சிய வெச்சுக்கிட்டு..."

சத்தம் நின்றது. ஸ்பானர் தலையை வெளியே நீட்டினார். மீட்டர் தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் டேட்டாவுலயே என்னைத் திட்டுவாளா?" என்றான். "இனிமே வேலை நேரத்துல வேலைக்கு மட்டும்தான் திறப்பேன்."

ஸ்பானர் ஸ்குரூவைத் தேவைக்கு மேல் இரண்டு சுற்று முறுக்கினார்.

ஐந்தாம் நாள் காலையில் மீட்டர் வழக்கத்துக்கு மாறாகச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். வாரத்துக்கு ஒரு நாள், ஊரில் மாலை ஆறரை மணிக்கு, மகளிடம் அவன் வீடியோவில் பேசலாம் என்று நீதிமன்றத்தில் ஏற்பாடு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அந்த வாரம் கிடையாது. இங்கே அது பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் இருவரும் பஸ்ஸில் இருப்பார்கள். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் என்று முதல் நாள்தான் டிக்கெட் மாறியிருந்தது. பஸ் ஒரு சின்ன நாட்டின் குறுக்கே மலைப்பாதையில் மூன்று மணி நேரம் போய், அடுத்த நாட்டில் இறங்கும்.

கிளம்புமுன் தங்கையிடமிருந்து ஸ்பானருக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "இன்னிக்கு அவன் கூப்பிடுற நாள். தவறினா நேரத்தைக் குறிச்சு வை. வக்கீல் கேட்டாரு."

எல்லையில் ஒரு போலீஸ்காரர் ஏறி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்த ஐந்தாவது நிமிடம் மீட்டர் போனை உயர்த்திப் பார்த்தான். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தான். அணைத்துத் திறந்தான். "சேவை இல்லை" என்றே இருந்தது. மணி இரண்டே கால்.

ஸ்பானர் நடைவழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த நாடு முப்பத்தெட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ரயிலில் போயிருந்தால் அந்த நாட்டுக்குள் கால் வைத்தே இருக்க மாட்டார்கள். போனைத் தொடாமல் வைத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் அடுத்த எல்லை தாண்டியதும் தானாக வேலை செய்யும் என்பதும் தெரியும். தாளின் கடைசி வரியும் தெரியும்: ஈசிமை அழித்துவிட்டால், அதை ஏற்றிய கியூஆர் கோடை மறுபடி பயன்படுத்த முடியாது.

மீட்டர் செட்டிங்ஸுக்குள் போனான். ஒவ்வொன்றாகத் தட்டினான். பியூஸைக் கழற்றி மாட்டுவது போலத்தான் அவனுக்கு எல்லாமே. "ஈசிமை நீக்கு" என்ற வரியில் விரலை வைத்தான். நீக்கவா என்று போன் கேட்டது. ஆமாம் என்றான். உறுதியாகவா, மீட்க முடியாமல் போகலாம் என்று மறுபடி கேட்டது.

மீட்டர் நிமிர்ந்தான். நான்கு மாதத்தில் முதல் முறையாக அவன் குரலில் நக்கல் இல்லை.

"அழிச்சிட்டு மறுபடி போட்டா வந்துரும்ல?"

ஸ்பானர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் போன். உனக்குத்தானே தெரியும்" என்றார்.

மீட்டர் அழுத்தினான்.

பிறகு டிக்கெட் அம்மா அனுப்பிய கியூஆர் படத்தைத் தேடினான். அது மெயிலில் இருந்தது. மெயிலைத் திறக்க இணையம் வேண்டும். அவன் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை ஸ்பானர் ஜன்னல் கண்ணாடியிலேயே பார்த்தார். தனக்கு வந்தது சந்தோஷம்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

இரண்டு ஐம்பதுக்குப் பஸ் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றது. இருபது நிமிடம் என்று டிரைவர் விரல்களால் காட்டினார். மீட்டர்தான் முதலில் குதித்தான். அங்கே காப்பிக்கடையில் இலவச வைஃபை இருந்தது. அது ஓடிபி அனுப்ப அந்த ஊர் நம்பர் கேட்டது. சொந்த ஊர் சிம்மில் ரோமிங் போடாமல் வந்திருந்தான். கவுண்டர் பெண்ணிடம் போனைக் காட்டினான்; அவள் விலைப்பட்டியலைக் காட்டினாள். லாரிக்காரர் ஒருவரிடம் கையைக் குவித்து ஏதோ சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு லாரிக் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டையின் மடிப்புக் கலையாமல் அவன் ஒவ்வொருவராகப் போய் நிற்பதை ஸ்பானர் பஸ்ஸுக்குள் இருந்தே பார்த்தார். மூன்று ஐந்து. மூன்று பத்து. டிரைவர் ஹாரனை அழுத்தினார். மீட்டர் கும்பிட்டு இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினான்.

குழந்தை வண்டி தள்ளிவந்த ஒரு பெண் கடைசியில் தன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கொடுத்தாள். போன் அதோடு இணைந்து, மெதுவாக விழித்து, அழைப்பு போனபோது மூன்று பதினெட்டு. மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. மூன்றாவது முறை டிரைவர் இறங்கி வந்து அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

இருக்கையில் வந்து உட்கார்ந்தவன் சட்டையின் மேல் பொத்தானை மட்டும் கழற்றினான்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே விடுதிக்குப் போய்விட்டார்கள். அங்கே வைஃபை இருந்தது. ஸ்பானர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தங்கையை அழைத்தார்.

"அண்ணா, இன்னிக்கு அவன் மாட்டிக்கிட்டான்" என்றாள். "ஆறே முக்கால் வரைக்கும் பார்த்தேன். மூணு நிமிஷம் கழிச்சு அடிக்கிறான். நான் எடுக்கலை. நீ கூடத்தானே இருந்தே? போன் கையில இருந்தும் கூப்பிடலைன்னு எழுதிக் குடுத்துடு. உன் சாட்சி பெரிய விஷயம்னாரு வக்கீல்."

"சின்னவ என்ன செஞ்சா?"

"அவளா? முன்பல்லு விழுந்திருக்கு. அப்பாகிட்ட காட்டணும்னு சோப்பு டப்பாவுல பத்திரமா வெச்சுக்கிட்டு போனுக்கு முன்னாடி உக்காந்திருந்தா. அடிச்சப்ப எடுக்கப் போனா, நான்தான் கையைப் பிடிச்சேன். அழுதா. பழகிடும்."

ஸ்பானர் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். வெகுநேரம் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரும்பில் எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறவர் அவர். பஸ்ஸில் வந்த அந்தச் சந்தோஷத்தை இப்போது தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வரவில்லை.

மறுநாள் காலை உணவுக் கூடத்தில் மீட்டர் தனியாக ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஸ்பானர் எதிரில் உட்கார்ந்து தாளைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"இதை விமானத்துலயே படிச்சிட்டேன்."

மீட்டர் படித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். நாடுகளின் பட்டியலில் விரலை ஓட்டினான். கடைசி வரியில் விரல் நின்றது.

"நான் அழிக்கும்போது பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"உங்களைக் கேட்டேன்."

"கேட்டே."

மீட்டர் தன் டீயை எடுத்தான். ஸ்பானர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஊற்றப் போகிறான் என்றே நினைத்தார். ஊற்றினால் தேவலை என்றுகூடத் தோன்றியது. மீட்டர் அதைக் குடித்தான்.

"மத்த விஷயத்துல நான் கெட்டவன்தான். உங்க தங்கச்சிகிட்ட நான் நடந்துக்கிட்டது எனக்கே தெரியும். பாஸ்வேர்டை வெச்சு உங்களை நோகடிச்சதும் தெரிஞ்சுதான் செஞ்சேன். ஆனா அவ என் பொண்ணு. உங்க மடியிலதான் இப்ப தூங்குறா. அவளை வெச்சு என்னை அடிச்சிருக்கீங்க."

"தப்புதான்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? உங்க தங்கச்சிக்கு எழுதுங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

ஸ்பானர் எழுதினார். பட்டியலில் அந்த நாடு இல்லை என்று தனக்குத் தெரியும், கேட்டும் சொல்லவில்லை, மாப்பிள்ளை மேல் தவறில்லை, அவன் ஊரெல்லாம் கெஞ்சித்தான் கூப்பிட்டான். அனுப்புமுன் மீட்டர் போனை வாங்கிப் படித்து, தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

"அது எதுக்கு?"

"என் வக்கீலுக்கு. பொண்ணோட வீட்டு ஆளுங்களே நான் பேசவிடாம தடுக்குறாங்கன்னு எழுத்துல இருக்கு. இதை விட்டா எனக்கு வேற என்ன கிடைக்கும்?"

ஸ்பானர் போனைத் திரும்ப வாங்கினார். அனுப்பு என்பதை அழுத்தியது அவர் விரல்தான்.

தங்கையின் குரல் பதிவு அரை மணி நேரத்தில், விடுதியை விட்டுக் கிளம்புமுன் வந்தது. தொழிற்சாலை வாசலில் நின்று கேட்டார். "உன்னை யாரு யோக்கியனா இருக்கச் சொன்னா? அவன் என்னை என்ன பாடு படுத்தினான்னு தெரிஞ்சும் அவனுக்கு எழுதிக் குடுக்கிறே. உன் வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கேன்னு இளக்காரமா போச்சா?" இரண்டாவது பதிவு வரவில்லை.

அன்று மதியமே மீட்டர் தன் கார்டில் வேறொரு ஈசிம் வாங்கிப் போட்டுக்கொண்டான். வாங்குமுன் நாடுகளின் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஸ்பானருக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மீதி மூன்று மெஷின்களையும் கை ஜாடையிலேயே முடித்தார்கள். வேலையில் ஒரு பிசகும் இல்லை. கடைசித் தொழிற்சாலையின் மேனேஜர், இவ்வளவு ஒத்துப்போகிற ஜோடியைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

திரும்பும் விமானத்தில் மீட்டர் இருக்கையை மாற்றிக்கொண்டான். பெட்டிக்காகக் காத்திருந்தபோது மட்டும் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்தப் படத்தை வக்கீல் காட்டினதுல, அடுத்த வாரத்துலேருந்து ஞாயித்துக்கிழமை நேர்ல பார்க்கலாம்னு ஜட்ஜ் சொல்லியிருக்காரு. நான்தான் வந்து கூட்டிக்கிட்டுப் போவேன். அப்ப நீங்க வாசல்ல நிக்கக்கூடாது."

"அது என் வீடு."

"அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

வீட்டில் ஸ்பானரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சின்னவள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை.

"மாமா, அப்பாவும் வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா."

"இங்க வர மாட்டாரா?"

அவர் குனிந்து அவளைத் தூக்கப் போகும்போதே உள்ளறைக் கதவு திறந்தது. தங்கை அவரைப் பார்க்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"சாப்பிடுறீங்களா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்" என்றார் ஸ்பானர். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றார்.